சட்பரி பனிக்கு மஸ்டாங் ஆகுமா? கீழக்கரைத் தம்பிக்கு ஒரு பட்டறைக்காரரின் பதில்

கேள்வி: அண்ணே, எனக்கு ஊர் கீழக்கரை. கனடாவில் ஒன்டாரியோ மாகாணம், சட்பரியில் இரண்டு வருஷப் படிப்பு, இப்போது முதல் செமஸ்டர். வாப்பா துபாயில் இருக்கிறார், கார் வாங்க ஓரளவு பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 2016 மாடல் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி கார், கியர் வண்டி, ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ரூம்மேட், "அது பனிக்கு ஆகாது, சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எடு, நாலு சக்கரமும் இழுக்கும்" என்கிறான். எதை எடுக்கலாம்? படிப்பு முடிந்ததும் வண்டியை ஊருக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், தம்பி. கொண்டுவர முடியாது. இந்தியாவில் இறக்குமதியாகும் பழைய கார் 3 வருஷத்துக்கு மேற்பட்டதாக இருக்கக்கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். கனடா வண்டிக்கு இடப்பக்கம். ஆகவே நீ வாங்கும் காரை அங்கேயே ஓட்டி அங்கேயே விற்றுவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். விற்கும் நாளையும் மனதில் வைத்து வாங்கு.

நான் மண்டபத்தில் மீன் வண்டிக்கும் விசைப்படகு இன்ஜினுக்கும் வேலை பார்த்துத் தொழில் பழகியவன். பிறகு ஒன்டாரியோவில் பல வருஷம் கராஜில் இருந்தேன். இப்போது ராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். உன்னைப் போலப் படிக்க வந்த பிள்ளைகள் ஆசை ஆசையாக வாங்கிய வண்டியை, மார்ச் மாதம் கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆசையைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நல்ல இன்ஜின் உள்ள வண்டியை 20 வயதில் ஓட்டும் சந்தோஷம் பிற்பாடு அதே மாதிரி வராது. ஆனாலும் என் முடிவு இது: மஸ்டாங்கை இந்தக் குளிருக்கு வாங்காதே. டபிள்யூஆர்எக்ஸ் வாங்கலாம், ஆனால் உன் ரூம்மேட் சொல்லும் காரணத்துக்காக அல்ல. எதை வாங்கினாலும் முதலில் இன்சூரன்ஸ், டயர், துருத் தடுப்பு மூன்றுக்கும் பணத்தை ஒதுக்கி வை. மிஞ்சியதுதான் உன் காரின் விலை. பிள்ளைகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கையிலிருக்கும் அத்தனையும் காருக்குக் கொடுத்துவிட்டு, நவம்பரில் டயருக்குக் கடன் கேட்கிறார்கள்.

முதலில் பனியில் குதிரைத்திறன் என்ன ஆகிறது என்று பார். காய்ந்த தார்ச்சாலையில் டயருக்கும் தரைக்கும் உள்ள உராய்வுக் கெழு, அதாவது பிடிப்பின் அளவு, சுமார் 0.7 முதல் 0.8. வண்டிகள் ஓடி அழுந்திய பனியில் 0.2 முதல் 0.3. கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸில் 0.1. அந்த மஸ்டாங்கின் எடை ஏறக்குறைய 1,700 கிலோ. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் பின்சக்கரங்களின் மேல் உட்காருகிறது, இழுப்பதும் அந்தச் சக்கரங்கள்தான். கெழுவை 0.2 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த டயர்கள் தரைக்குக் கடத்தக்கூடிய சக்தி 17, 18 குதிரைத்திறன். இன்ஜினில் இருப்பதோ 435. மீதி அத்தனையும் டயரைச் சும்மா சுழற்றும், வண்டியின் பின்பக்கத்தை ஓரத்துக்குத் தள்ளும். அதே இடத்தில் டபிள்யூஆர்எக்ஸின் நாலு சக்கரமும் சேர்ந்து 30 சொச்சம் குதிரைத்திறனைக் கடத்தும். ஏறக்குறைய இரண்டு மடங்கு. உன் ரூம்மேட் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் அவன் பாதிதான் சொன்னான். நாலு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி பிரேக் பிடித்த இடத்திலிருந்து நிற்க, காய்ந்த சாலையில் சுமார் 13 மீட்டர் போதும். அழுந்திய பனியில் 40 மீட்டர் ஆகும். பளிங்கு ஐஸில் 100 மீட்டரை நெருங்கும். நீ ஆபத்தைப் பார்த்துக் காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒரு விநாடி எடுத்தால், அதற்குள் ஓடும் 14 மீட்டரையும் சேர்த்துக்கொள். நாலு சக்கர வண்டி சுலபமாகக் கிளம்புவதால் சாலை நன்றாக இருக்கிறது என்று ஓட்டுபவர் நம்பிவிடுகிறார். சிக்னலில் முன் வண்டியின் முதுகில் போய் நிற்கும்போதுதான் தெரிகிறது. பனி கொட்டிய மறுநாள் எங்கள் கராஜுக்கு முன்பக்கம் நசுங்கி வந்த வண்டிகளில் நாலு சக்கர வண்டிகளுக்குக் குறைவே இருக்காது.

இந்த உராய்வில் உன் கையில் இருக்கும் ஒரே பிடி டயர்தான். கோடை டயரின் ரப்பர் வெயிலுக்காகச் செய்தது. 7 டிகிரிக்குக் கீழே போனதும் இறுக ஆரம்பிக்கும், உறைநிலைக்குக் கீழே நன்றாக இறங்கியதும் பலகை மாதிரி ஆகிவிடும், அந்த நிலையில் ஓட்டினால் விரிசலும் விழலாம். நீ கேட்கும் வகை வண்டிகள் பலவும், டபிள்யூஆர்எக்ஸ் உட்பட, கம்பெனியிலிருந்து கோடை டயரோடுதான் வருகின்றன. பழைய வண்டி விற்பவர், "டயர் புதுசு தம்பி" என்றால் எந்த டயர் என்று கேள். பக்கச் சுவரில் மூன்று முகடுள்ள மலையும் உள்ளே ஒரு பனிப்பூவும் அச்சிட்டிருக்கும். அந்த முத்திரை இல்லாத டயரைச் சட்பரியின் ஜனவரிக்கு நம்பாதே. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டிருந்தால் இன்சூரன்ஸில் சலுகை தர வேண்டும் என்று 2016 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. ஏஜென்ட் தானாகச் சொல்லாவிட்டால் நீ கேட்டு வாங்கு.

நாலு டயரும் ஒரே மாதிரி போடு. பின்சக்கர வண்டிக்குப் பின்னால் மட்டும் இரண்டு போட்டால் கிளம்பும், திரும்பாது. டபிள்யூஆர்எக்ஸ் மாதிரி வண்டியில் நாலு டயரின் சுற்றளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகும். தனி ரிம்மில் மாட்டி வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டும் கூலி மிச்சம். முடிந்தால் ஒரு இஞ்ச் சின்ன ரிம்மும் குறுகிய டயரும் எடு. குறுகிய டயர் பனியை வெட்டிக்கொண்டு போகும், உயரமான பக்கச் சுவர் குழியில் ரிம்மைக் காப்பாற்றும். பெரிய பிரேக் உள்ள மாடலில், பிரேக் தட்டைக் கவ்வும் கேலிப்பர் ரிம்மில் இடிக்கிறதா என்று மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கு. மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை முடுக்கிவிடு. டயர் வரிப்பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் பனிக்கு அது செத்த டயர். ஆணி பதித்த டயர் தென் ஒன்டாரியோவில் கூடாது, சட்பரி இருக்கும் வட பகுதியில் அனுமதி உண்டு. காற்றையும் மறந்துவிடாதே. 6 டிகிரி குளிர் கூடினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். 20 டிகிரியில் 34 வைத்த டயர் மைனஸ் 20-இல் 27, 28-க்கு வந்துவிடும்.

அடுத்து துரு. இதைத்தான் நான் அதிகமாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் "உப்புக்காற்றுக்கே பிறந்தவர்கள் நாங்கள்" என்ற தைரியத்தில் அங்கே கோட்டைவிடுவது இதில்தான். நம் கடற்கரையில் உப்பு மேலிருந்து இறங்குகிறது. வாடைக்காற்றானாலும் கச்சானானாலும் ஈரத்தோடு வந்து கூரை, பானெட், கண்ணாடி ஓரம் என்று படிகிறது. அதனால் நாம் மேலே கழுவி, துடைத்து, மெழுகு போட்டுத் திருப்திப்படுகிறோம். கனடாவில் உப்பு கீழிருந்து ஏறுகிறது. சாலையில் கொட்டிய உப்பு பனியைக் கரைத்து, அந்தக் குழம்பை உன் டயரே அள்ளி அடிவயிற்றில் அடிக்கிறது. மேலே பளபளவென்று இருக்கும் வண்டியின் அடியில் பிரேக் குழாய் உதிர்ந்துகொண்டிருக்கும்.

மண்டபம், பாம்பன் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளைப் பார்த்திருப்பாய். ஐஸ் கரைந்து உப்புத்தண்ணீர் பின்பக்கமாகச் சொட்டிக்கொண்டே போகும். அந்த வண்டிகளின் கேபின் நன்றாகவே இருக்கும். பின்பக்கச் சேஸ், ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம், குறுக்குச் சட்டம் இவைதான் முதலில் போகும். வண்டிக்கு அடியில் படுத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உள்ளே அரித்தது மந்தமாகக் கேட்கும். ஒன்டாரியோவில் பழைய கார் பார்க்கும்போதும் இதே சோதனைதான் செய்வேன். பின்சக்கர வளைவின் உள்விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனல், ஜாக்கி வைக்கும் இடம், அடியில் சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேம், பின்னுக்கு ஓடும் பிரேக் குழாய், இந்த இடங்களைப் பார்க்காமல் பணம் கொடுக்காதே. பிரேக் குழாய் வெடித்தால் மிதி தரைவரை இறங்கிவிடும். அடிப்பாகம் முழுவதும் புதுசாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் அதை நல்ல பராமரிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே, எதையோ மூடியிருக்கிறார்கள்.

உப்பு செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால் எப்போது கழுவ வேண்டும் என்பது தானாகப் புரியும். சாதாரண உப்பு தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்குகிறது. செறிந்த உப்புக்கரைசல் மைனஸ் 21 வரைக்கும் உறையாமல் இருக்கும், ஆனால் சாலையில் மைனஸ் 10-ஐத் தாண்டினாலே அதற்கு வேகம் குறைந்துவிடும். அதற்கும் கீழே போனால் மணலைக் கொட்டுவார்கள், இல்லையென்றால் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். இந்தக் கால்சியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. ஒட்டிய இடம் காயவே காயாது. குளோரைடு இரும்பின் மேல் உள்ள காப்புப் படலத்தை உடைக்கும், ஈரம் மின்வேதி வினைக்கு வழிவிடும், துரு ஓடும். மைனஸ் 25-இல் எல்லாம் உறைந்து கிடக்கும்போது துரு ஏறக்குறைய நின்றிருக்கும். 0 டிகிரியை ஒட்டிச் சேறும் சகதியுமாக இருக்கும் நாட்களில்தான் அது வேகமெடுக்கும். உப்போடு போன வண்டியைச் சூடான கராஜில் இரவு முழுக்க நிறுத்துவது, வெளியே குளிரில் விடுவதைவிடக் கெடுதல். மார்ச் மாதம் மிக மோசம்.

பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறந்தது. அரிப்பால் பலமிழந்து 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சு, முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள் என்று போட்டிருக்கிறார்கள். இணைப்பை ஏன் வெல்டிங் செய்தார்கள் என்பதுதான் நமக்குப் பாடம். உப்புத்தண்ணீர் தங்குவது இடுக்கில்தான். காரிலும் தகடு மடித்த ஓரம், வடிகால் ஓட்டை, பிளாஸ்டிக் உறைக்குப் பின்புறம், இங்கேதான் அரிப்பு ஆரம்பிக்கும். அலுமினியத்தையும் நம்பாதே. 2016 மஸ்டாங்கின் பானெட் அலுமினியம்தான். பெயின்டில் ஒரு கீறல் விழுந்து உப்பு புகுந்தால் அடியில் வெள்ளைப் பொடியாகப் புடைத்துக்கொண்டு வரும்.

செய்ய வேண்டியது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு வருஷமும் பனிக்கு முன்னால் அடியிலும் கதவுகளின் உட்பக்கத்திலும் துருத் தடுப்பு எண்ணெய் தெளித்துக்கொள். ஒன்டாரியோவில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. ஓரிரு நாள் எண்ணெய் சொட்டும், பரவாயில்லை. நம் ஊர் ஷோரூம்களில் அடிக்கும் கெட்டியான ரப்பர் பூச்சு பழைய வண்டிக்கு வேண்டாம். விரிசல் விட்டால் உப்புத்தண்ணீர் அதற்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். குளிர்காலம் முழுவதும், வெயில் எட்டிப் பார்த்து உறைநிலைக்குப் பக்கத்தில் வரும் நாட்களில், அடியில் தண்ணீர் பீய்ச்சும் கார் வாஷில் ஓட்டிவிட்டு வா. கடலிலிருந்து வந்ததும் இன்ஜினுக்கு நல்ல தண்ணி ஊற்றிக் கழுவாமல் நம் படகுக்காரர்கள் வீட்டுக்குப் போவதில்லை. அந்தப் பழக்கம் அப்படியே அங்கேயும் உதவும். கழுவியதும் கதவு ரப்பரைத் துடைத்துச் சிலிக்கான் தடவு, இல்லையென்றால் காலையில் கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் உன் வாப்பாவுக்கு நீ பொறுமையாக விளக்க வேண்டியிருக்கும். நம் நாட்டில் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இன்ஜின் அளவைப் பொறுத்தது. 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு 2022-இல் வைத்த ஆண்டுக் கட்டணம் 7,897 ரூபாயும் வரியும், ஓட்டுபவர் 20 வயதானாலும் 60 வயதானாலும். ஒன்டாரியோவில் தனியார் கம்பெனிகள் ஆளைப் பார்க்கின்றன. லைசென்ஸ் எடுத்து எத்தனை வருஷம், இருப்பிடம் எது, இதே மாடல் வண்டிகளுக்கு இதுவரை எவ்வளவு நஷ்டஈடு போயிருக்கிறது, எல்லாம் சேர்ந்துதான் தொகை. புது லைசென்ஸ், இளவயது, மஸ்டாங்கின் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் மூன்றும் சேர்ந்தால் ஆண்டுத் தொகை பல ஆயிரம் டாலர் போகும். படிப்பு நாட்களில் வெளியே வேலை பார்க்க உனக்கு வாரம் 24 மணி நேரம்தான் அனுமதி, 2024 நவம்பரில் வந்த விதி அது. அந்தச் சம்பளத்தை இன்சூரன்ஸ் மாதத் தவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார். காருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், அதன் சேஸ் எண்ணைக் கொடுத்து இரண்டு மூன்று இடத்தில் விலை கேள். மஸ்டாங்குக்கும் டபிள்யூஆர்எக்ஸுக்கும் சாதாரண ஹோண்டா சிவிக்குக்கும் சேர்த்துக் கேள். மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

சொந்தக்காரர் பெயரில் எடுத்து நீ ஓட்டுவது, வேறு ஊர் முகவரி கொடுப்பது, சைலன்சரையும் ஸ்பிரிங்கையும் மாற்றிவிட்டுச் சொல்லாமல் இருப்பது, இந்த யோசனைகளோடு ஆட்கள் வருவார்கள். காது கொடுக்காதே. விபத்து நடந்த பிறகுதான் கம்பெனி விசாரிக்கும், பொய் என்று தெரிந்தால் பணம் வராது, எதிர்த்தரப்பின் நஷ்டம் உன் தலையில் விழும். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச மூன்றாம் நபர் பாதுகாப்பு 2 லட்சம் டாலர். அது போதாது, 10 லட்சத்துக்குக் குறைந்து எடுக்காதே.

லைசென்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று நீ எழுதவில்லை. கற்றுக்கொள்பவருக்கான ஜி1 லைசென்ஸ் மட்டும் கையில் இருந்தால் கார் வாங்கியும் தனியாக ஓட்ட முடியாது, பக்கத்தில் 4 வருஷ அனுபவமுள்ள முழு லைசென்ஸ்காரர் உட்கார வேண்டும். இந்திய லைசென்ஸை நேரடியாக மாற்றித் தரமாட்டார்கள், தேர்வு எழுதி ஓட்டிக் காட்டித்தான் வாங்க வேண்டும். ஊரில் ஓட்டிய அனுபவத்துக்குச் சான்று இருந்தால் காத்திருக்கும் காலம் குறையும். டிஎன் 65 லைசென்ஸ் வைத்திருந்தால், முதலில் வழங்கிய தேதி தெரியும்படி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கி அனுப்பச் சொல்லி வீட்டில் சொல்லிவை. அனுபவம் இல்லாமல் புதிதாக ஆரம்பிப்பதானால் ஜி1-இல் 12 மாதம், அங்கீகாரம் பெற்ற பயிற்சி முடித்தால் 8 மாதம். அந்தப் பயிற்சியை எடு. காத்திருப்பு குறைவது ஒரு பக்கம், பல கம்பெனிகள் தொகையையும் குறைக்கும்.

ஓட்டும் விதம் பற்றி. நீ தனுஷ்கோடி மணலில் வேன் போவதைப் பார்த்திருப்பாய். அரிச்சல்முனை வரைக்கும் 2017-இல் தார்ச்சாலை வருவதற்கு முன் அந்த வேன்காரர்கள் ஒரே சீராக ஆக்சிலேட்டரை வைத்து, பிரேக்கைத் தொடாமல், திடீரென்று திருப்பாமல் போவார்கள். அந்தக் கை பனிக்கும் வேண்டும். ஒரு வித்தியாசம் மட்டும் உயிர்போகும் வித்தியாசம்: மணலில் காலை எடுத்தால் மணலே வண்டியைப் பிடித்து நிறுத்தும், ஐஸில் எதுவும் பிடிக்காது. அதனால் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய். இரண்டாம் கியரில் கிளம்பு. பின்சக்கர வண்டியில் சட்டென்று கியரை இறக்கிக் கிளச்சை விடாதே, இன்ஜின் பின்சக்கரத்தைப் பிடித்து வண்டியைச் சுற்றிவிடும். நிறுத்த வேண்டி வந்தால் பிரேக்கை உறுதியாக அழுத்திப் பிடி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் காலுக்கடியில் துடிக்கும், பயந்து காலை எடுக்காதே. மைனஸ் 20-இல் ஐஸ் ஓரளவு பிடி கொடுக்கும். 0 டிகிரியில் மேலே தண்ணீர் படிந்த ஐஸ்தான் மிக வழுக்கல். பாலங்கள் தரைக்கு முன்னால் உறையும். நெடுஞ்சாலை 69-இல் இரவில் மூஸ் என்ற பெரிய மான் குறுக்கே வரும். உயரமான கால், கனத்த உடம்பு, மோதினால் நேராக முன்கண்ணாடிக்குள் விழும். அந்தச் சாலையில் இரவு வேகம் வேண்டாம்.

உள்ளே இருக்கும் ஆசைக்கும் வழி உண்டு. சாலையில் காட்டினால் ஒன்டாரியோவில் தண்டனை கடுமை. 80-க்குக் குறைந்த எல்லையுள்ள சாலையில் எல்லைக்கு மேல் 40, மற்றச் சாலைகளில் 50 தாண்டினால் அங்கேயே 30 நாள் லைசென்ஸ் போகும், 14 நாள் வண்டி போகும், தீர்ப்பானால் அபராதம் 2,000 டாலருக்குக் குறையாது. அதற்குப் பிறகு எந்த விலைக்கும் இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம். மிண்டன் என்ற ஊரில் குளிர்காலத்தில் பனித்தரையில் முறையான கார் பந்தயம் நடக்கும், குளிர்கால ஓட்டுநர் பயிற்சியும் மாகாணத்தில் பல இடங்களில் உண்டு. சக்கரம் வழுக்கும்போது ஸ்டீயரிங் என்ன சொல்கிறது என்பதை அங்கே ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். குதிரைத்திறனுக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சத்தை இதற்குக் கொடு.

இன்ஜின் பற்றிச் சுருக்கமாக. பேட்டரியின் குளிர்த்திறனை மைனஸ் 18-இல் வைத்துத்தான் அளக்கிறார்கள், வாங்கும்போது அந்த எண்ணைப் பார். இன்ஜினைச் சூடாக வைக்கும் மின்சார பிளாக் ஹீட்டர் இருக்கிறதா என்று கேள். மைனஸ் 25 இரவில் அதைச் செருகி வைத்தால் இன்ஜினுக்கு ஆயுள் கூடும். டர்போ வண்டியில் தண்ணீர் முள் ஏறிய உடனே அழுத்தாதே, எண்ணெய் சூடாக அதைவிட நேரம் எடுக்கும். காலேஜுக்கும் ரூமுக்கும் மட்டும் குட்டிக் குட்டித் தூரம் ஓடினால் பெட்ரோலும் ஈரமும் எண்ணெயில் கலக்கும், அதனால் எண்ணெயைச் சீக்கிரம் மாற்று. கண்ணாடி கழுவ மைனஸ் 40-க்கான திரவம் ஊற்று, தண்ணீர் ஊற்றாதே. பனியில் புதைந்த வண்டியை ஸ்டார்ட் செய்து உள்ளே உட்காரும் முன் சைலன்சர் வாயைத் தோண்டிவிடு. அது அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், மணமே இருக்காது, தூக்கத்திலேயே உயிர் போகும். இதை மட்டும் உன் ரூம்மேட்டுகள் எல்லோருக்கும் சொல்.

இப்போது முடிவுக்கு. பணம் ஒதுக்கிய பிறகு டபிள்யூஆர்எக்ஸுக்குக் கட்டுப்படியானால், மாற்றங்கள் எதுவும் செய்யாத, பராமரிப்புக் கணக்கு உள்ள வண்டியாகப் பார். விற்பவரிடம் ஒன்டாரியோ அரசின் பழைய வாகனத் தகவல் கட்டை வாங்கிப் பார், கடன் பாக்கி இருக்கிறதா என்று அதில் தெரியும். வண்டி சாலைக்குத் தகுதி என்று கராஜ் தரும் சேஃப்டி சான்றிதழ் 36 நாள்தான் செல்லும், அதைப் பெயர்மாற்றத்துக்கான காகிதமாக மட்டும் நினை. உனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் லிஃப்டில் ஏற்றிப் பார்த்த பிறகு பணம் கொடு. 13 சதவீத வரி, விற்ற விலைக்கும் சந்தை மதிப்புக்கும் எது அதிகமோ அதன்மேல் வரும், அதையும் கணக்கில் சேர். கட்டுப்படியாகாவிட்டால் ஒரு சாதாரண முன்சக்கர இழுவை வண்டியில் நல்ல குளிர்கால டயர் போட்டு இந்தக் குளிரை ஓட்டு. கோடை டயரோடு நிற்கும் டபிள்யூஆர்எக்ஸைவிட அது உன்னைப் பத்திரமாகக் கொண்டுபோகும்.

மஸ்டாங் மேல்தான் மனசு என்றால், அடுத்த ஏப்ரல் கடைசியில், சாலையில் கிடக்கும் உப்பை மழை கழுவிய பிறகு வாங்கி, அக்டோபரில் விற்றுவிடு. வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளக் கூரையுள்ள இடம் வேண்டும், படிக்கும் பிள்ளைக்கு அந்த வாடகை கட்டாது. பல ஊர்களில் குளிர்காலத்தில் பனி அள்ளும் வண்டிக்காக இரவு தெருவோரம் நிறுத்தவும் விடமாட்டார்கள். உன் வாடகை ஒப்பந்தத்தில் பார்க்கிங் இடம் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்.

டயர் கடைகளில் முதல் பனி விழுந்த மறுநாள் வரிசை தெருவுக்கு வந்துவிடும், நல்ல அளவுகள் தீர்ந்துபோகும். எந்த வண்டி என்று முடிவானதும் அக்டோபர் நடுவுக்குள் டயர் மாட்டவும் எண்ணெய் தெளிக்கவும் தேதி வாங்கிவிடு. முதலில் எண்ணெய், பிறகு டயர்.